கைப்பையில் வந்த நத்தை

பிப்ரவரி 7, சனி

வெயில். காலையிலேயே பின்பக்கச் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை. துணி காயப்போட்டேன். மீன் கழுவினேன். ஆறாம் படிவத்து உயிரியல் தாள்கள் பாதி திருத்தினேன், மீதி நாளை. பையன்கள் எல்லாரும் மண்புழுவுக்கு முதுகெலும்பு கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். படிக்கக்கூடாது என்று தெரியும். ஆறிய புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம். மலேசியாவில் இதுவரை பதிவாகாத நில நத்தை, தாய்லாந்துப் பக்கம் மட்டுமே உண்டு என்று நினைத்திருந்தது, பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே ஒரு சுண்ணாம்பு மலையடியில் முதல் முறையாக. எழுதியவர் நத்தை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் சிதம்பரம், ஒரே ஆள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்: 'வழிகாட்டி, வண்டி ஓட்டி உதவிய பள்ளி ஆசிரியை ஒருவருக்கு நன்றி.'

அந்த ஆசிரியை ஒருவர் நான்தான். பவானி. மூன்றே எழுத்து. அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

அந்த மலை நான் பிறந்த தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள், முனியாண்டி கோயில் மட்டும் மிச்சம். மூன்று வருடம் முன்பு, மழை விட்ட ஒரு காலையில், அந்த வெள்ளை நத்தையைப் பாறையில் உயிரோடு பார்த்தவள் நான். ஓடு கண்ணாடி மாதிரி, உள்ளே உடம்பு தெரிகிறது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, அடியில் கிடந்த வெற்று ஓடுகளைத் திரட்டி, ஊறுகாய்ப் போத்தலில் போட்டு, ஈப்போவில் அவர் அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். அதற்குப் பிறகு அவர் பல தடவை வந்து தேடினார். ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை. ஆக, என் போத்தல்தான் ஆதாரம், என் பேச்சுதான் சாட்சி. நத்தைக்காரர்களுக்கு அது போதும். சுண்ணாம்பு மலை நத்தைகளைப் பெரும்பாலும் வெற்று ஓட்டை வைத்துத்தான் பதிகிறார்கள்.

இந்த நாட்டு உயிரினங்களின் பட்டியலில் ஒரு வரி கூடியது. அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பெயர் என்னுடையது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டான்.

இனி இந்த நோட்டில் 'அவர்' கிடையாது. டா.சி. கோபம் வந்தால் அவன்.

இவரிடம் புலம்பினேன். என் வீட்டுக்காரர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர், வார இறுதியில் மட்டும் வீட்டில் கிடைப்பார்.

"மறுபடியும் அந்த நத்தையா? விடுலா பவானி. ஒரு நத்தைக்குப் போயி இவ்ளோ காலமா சண்ட போடுறே."

"நத்தைக்கு இல்ல. என் பேருக்கு."

"அப்ப அவருகிட்ட போயி கேளு. எங்கிட்ட சொல்லி என்னா பண்ண?"

கேட்கமாட்டேன். கேட்டால் பல்லைக் காட்டி 'சாரி டீச்சர்' என்பான், அத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும். மத்தியானம் அவனே செய்தி அனுப்பினான்: அடுத்த சனிக்கிழமை கோயில் பக்கம் மண் எடுக்க வருகிறானாம், நானும் வரவேண்டுமாம். வண்டி ஓட்டத்தான், வேறு எதற்கு.

வரச் சொல்லி பதில் போட்டேன். சிரித்த முகம் ஒன்றும் சேர்த்து.


பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் மூட்டம், பிறகு வெயில். தாள்கள் திருத்தவில்லை.

அலமாரியிலிருந்து பெப்பர்மிண்ட் டப்பாவை எடுத்தேன். உள்ளே புதுக்கோட்டை நத்தை ஓடுகள். டிசம்பரில் கோயில் சுற்றுலா போனபோது பஸ் நிறுத்திய இடத்தில் எல்லாரும் கழிவறை தேடி ஓட, நான் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கூம்பு வடிவம், பழுப்புக் கோடு. அந்தப் பக்கம் கல்லுக்குக் கல் கிடக்கும் சாதாரண ஜாதி. நம் நாட்டில் கிடையாது. சும்மா ஆசைக்குப் பொறுக்கினேன், சத்தியமாக அப்போது ஒரு எண்ணமும் இல்லை. விமான நிலையத்தில் என் தேங்காய் பர்பியை உடைத்துப் பார்த்தார்கள், டப்பாவைத் திறக்கவில்லை.

எண்ணம் நேற்றுத்தான் வந்தது. வந்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

திட்டம்: ஓடுகளைக் கோயிலுக்குப் பின்னால், பாறை தொடங்கும் இடத்தில் தூவுவது. டா.சி. கண்டெடுப்பான். மலேசியாவில் முதல் பதிவு என்று குதித்துக்கொண்டு எழுதுவான். அச்சில் வந்து, எல்லாரும் கைகுலுக்கி முடிந்த பிறகு, புதுக்கோட்டையில் டப்பாவோடு நான் எடுத்த படம் அந்தப் பத்திரிகைக்குப் போகும். உலகத்தில் நத்தைக்காரர்கள் ஒரு பஸ் கொள்ளும் அளவுதான். அந்த பஸ் முழுக்கச் சிரிக்கும். பெயர் போனால் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும்.

மோட்டாரில் போனேன். ஓடுகளைச் செம்மண்ணில் புரட்டி, சருகுக்கடியில் கொஞ்சம், வேருக்கடியில் கொஞ்சம். நன்றாகப் படிந்தது. எழுந்து திரும்பினால் ராஜு அண்ணன். கோயில் தலைவர், சூடம் ஏற்ற வந்திருக்கிறார்.

"என்னா டீச்சர், மண்ணக் கிண்டுறீங்க?"

"நத்தை பாக்குறேன் அண்ணே."

"கொழம்பு வைக்கவா?"

"இல்லண்ணே, படிக்க."

"அதப் படிச்சு என்னா கெடைக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய் மணி அடித்தார். நானும் போய்க் கும்பிட்டேன். முனியாண்டி கோபக்காரச் சாமி. என் பக்கம் புரியும்.


பிப்ரவரி 11, புதன்

மூன்றாவது பாடவேளையிலேயே தலைவலி. வாங்க: பாசிப்பயறு, கேஸ், கொசுவர்த்தி, இவருக்குச் செருப்பு.

ஆசிரியர் அறையில் காதில் விழுந்தது: "பவானிக்கு என்னாச்சி, ரெண்டு நாளா பாடிக்கிட்டே இருக்கா?" பாடுவது எனக்கே தெரியவில்லை. பழிவாங்கப் போகிறவளுக்கு நல்ல பசி, நல்ல தூக்கம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரே கவலை மழை. பெய்தால் ஓடுகளை அடித்துக்கொண்டு போய்விடும்.


பிப்ரவரி 14, சனி

மழை வரவில்லை. சூடு.

இன்று சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டா.சி. காலையில் வந்தான். தொப்பி, முழங்கால் பூட்ஸ், சல்லடை, வாளி, வீட்டம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு. எனக்கும் ஒரு பொட்டலம். கெட்டவனாக மட்டும் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். மரியாதையாகப் பேசுகிறான், கதவைத் திறந்துவிடுகிறான், என் முட்டிவலியைக்கூட விசாரித்தான். பெயர் விஷயத்தில் மட்டும் அவனுக்குக் கண் தெரிவதில்லை.

கோயிலுக்குப் பின்னால் போனான். ஓடுகள் கிடந்த சருகின் மேல் நின்றுகொண்டு பாறை உச்சியைப் பார்த்தான். பூட்ஸுக்கடியில் ஏதோ நொறுங்கியது. எனக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. மறு பக்கம் போய் மண் அள்ளினான். வாளித் தண்ணீரில் மண்ணைக் கொட்டினால் வெற்று ஓடு மிதந்து மேலே வரும், அதைச் சல்லடையில் வடிப்பது வழக்கம். வடித்தான். வந்தது எல்லாம் பழைய ஜாதிகள்.

"டாக்டர், அந்த வேர்ப்பக்கம் பாத்தீங்களா?"

"அங்க வெளிச்சம் ஜாஸ்தி டீச்சர். நத்தை இருக்காது."

"சும்மா ஒரு தடவ..."

"அடுத்த வாட்டி பாப்போம்லா."

டாக்டர் பட்டம் வாங்கியவன். முகத்துக்கு நேரே வைத்தும் தெரியவில்லை. உணவுப் பொட்டலத்தைப் பிரித்து அதே இடத்தில் உட்கார்ந்தே விட்டான். சோறு தின்று, கை கழுவி, சல்லடையைப் பையில் கட்டத் தொடங்கினான். ஒரு வாரமாகக் கட்டிய கோட்டை பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்புகிறது. பொறுக்க முடியவில்லை. குனிந்தேன், ஓர் ஓட்டை எடுத்தேன், நீட்டினேன்.

"இது என்னா டாக்டர்? புதுசா இருக்கே."

வாங்கினான். கண்ணாடியைக் கழற்றினான், மாட்டினான்.

"எங்க எடுத்தீங்க? எங்க? காட்டுங்க டீச்சர்!"

முட்டி போட்டுத் தேடினான், என் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பஞ்சில் வைத்தான். "இது இங்க இருக்கவே கூடாதே லா" என்று முனகிக்கொண்டே. வியர்வை மூக்கில் சொட்டியது.

வலையில் விழுந்தான். திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே மனதுக்குள் இன்னொரு பாட்டு.


பிப்ரவரி 17, செவ்வாய்

சீனப் பெருநாள். பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்தில் பூனை கட்டிலுக்கடியில். ஆரஞ்சுப் பழம் ஒரு பை வந்தது, நான் முறுக்குக் கொடுத்தேன்.

டா.சி. போன். விடுமுறையிலும் நுண்ணோக்கியை விட்டு எழவில்லையாம். ஜாதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டான். அதில் கெட்டிக்காரன்தான். தென்னிந்திய நத்தை, மலேசியாவில் முதல் பதிவு. அதற்குமேல் அவனே ஒரு கதை கட்டியிருக்கிறான்.

"எப்படி வந்திருக்கும், யோசிங்க டீச்சர். நம்ம ஆளுங்க கப்பல்ல வந்தாங்கல்ல? வேப்பங்கன்னு, துளசிச் செடி எல்லாம் மண்ணோட கொண்டு வந்தாங்க. அந்த மண்ணுல வந்திருக்கு. கோயிலச் சுத்தி மட்டும் இருக்கு பாருங்க! நம்ம பாட்டன் பூட்டனோட வந்த நத்தை டீச்சர் இது!"

மூக்கை உறிஞ்சினான். அழுகிறானோ என்று சந்தேகம். நான் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன், சிரிப்பு அடக்கமுடியவில்லை. கப்பலாம்! மலிவு விலை விமானத்தில், என் கைப்பையில், பெப்பர்மிண்ட் வாசனையோடு வந்தது.

"உயிரோட ஒன்னு கெடைக்கிற வரைக்கும் பொறுக்கலாமே டாக்டர்" என்றேன், பேச்சுக்கு.

"தேவையே இல்ல. ஓடு போதும்."

நல்லது. அவன் வாயாலேயே சொல்லட்டும்.


பிப்ரவரி 20, வெள்ளி

மாலையில் இடி மட்டும். பசார் ரமலான் நோன்புச் சந்தையில் கூட்டம், இவருக்கு முர்தபாக் ரொட்டி வாங்கிவந்தேன்.

கட்டுரையின் வரைவை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறான். திறந்தேன். தலைப்பு. அடுத்த வரியில் எழுதியவர்கள்.

பவானி முதலில். சிதம்பரம் அடுத்து.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அப்படியே நின்றேன். கூடவே ஒரு குறிப்பு: 'கண்டெடுத்தவர் நீங்கள். முறைப்படி உங்கள் பெயர்தான் முன்னால் வரவேண்டும். சம்மதம் தெரிவித்துப் பதில் போடவும்.'

என்ன மனிதன் இவன்! வேண்டிய இடத்தில் கொடுக்காமல், விஷம் வைத்த இடத்தில் கொண்டுவந்து பெயரை வைக்கிறான். அவனாகக் கண்டெடுத்திருந்தால் இந்த வினை இல்லை. நான்தானே குனிந்து எடுத்து நீட்டினேன். புதுக்கோட்டைப் படத்தை இனி அனுப்பினால் அந்த பஸ் சிரிக்கப்போவது என்னைப் பார்த்து. அனுப்பாவிட்டால் என் பெயரில் வரும் முதல் கட்டுரை ஒரு பொய். பழி வாங்கும் வழியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டான், அதுவும் அன்போடு.

பதில் போடவில்லை. பால் சட்டியை இரண்டு தரம் தேய்த்தும் கறை போகவில்லை.

இவரிடம் பெயர் வந்ததை மட்டும் சொன்னேன்.

"பாத்தியா, நல்ல மனுசன்லா! நீதான் சும்மா திட்டிக்கிட்டே இருந்தே."

முர்தபாக்கைப் பிடுங்கிப் பூனைக்குப் போட்டிருப்பேன்.


பிப்ரவரி 22, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதிவிடவேண்டும்.

டா.சி. ராஜு அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறான். ராஜு அண்ணன் ஊருக்கே சொல்லிவிட்டார். இன்று கோயில் கொட்டகையில் எனக்குப் பொன்னாடை. பழைய தோட்டத்து ஆட்கள் சுங்கை சிப்புட், கோலா கங்சார், தஞ்சோங் ரம்புத்தான் என்று சிதறிக் கிடந்தவர்கள் காடி, வேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்காலி, மைக், மாலை, படம் எடுக்க ஆள். அப்பாவோடு பால் வெட்டிய சின்னம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நம்ம ஆளுங்க வந்ததுக்கு நத்தையே சாட்சியாம்ல? நல்லா இரு தங்கச்சி." படத்துக்கு நிற்கிற சாக்கில் அந்தக் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன்.

டா.சி. மைக்கைப் பிடித்தான். கப்பல் கதையைச் சொன்னான். கைதட்டினார்கள். கடைசியில்:

"டீச்சர் ரொம்ப நாளா ஆர்வமா இருந்தாங்க. சரி, அவங்களுக்கும் ஒரு சான்ஸ் கொடுப்போமேன்னு..."

சான்ஸ். எனக்கு. கொடுத்தானாம்.

முடிந்ததும் டவுனில் தோசைக்கடைக்குக் கூட்டிப்போனான். பொன்னாடை என் மடியில், வாழையிலை முன்னால். சட்னியைத் தொட்டுக்கொண்டே சொன்னான்:

"போன தடவ உங்க பேரு கொஞ்சம் விட்டுப்போச்சு. எனக்கும் மனசுல இருந்துச்சு. இப்ப சரியாப் போச்சுல்ல டீச்சர்?"

அவ்வளவுதான். மறைக்கவேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது.

"சரியாப் போகல டாக்டர். அந்த நத்தை கப்பல்ல வரல. என் கைப்பையில வந்துச்சு. புதுக்கோட்டைல பொறுக்கினேன். கோயில் பின்னால தூவினது நான். உங்களுக்காகத்தான் தூவினேன்."

சிரித்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன்: டப்பா, ஓடுகள், பின்னால் தமிழ்நாட்டு பஸ். பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் வெளுத்து, காது மட்டும் சிவந்து, வாய் கொஞ்சம் திறந்து. அந்த முகத்துக்காகத்தானே இத்தனையும். பார்த்தேன். நன்றாகவே இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், தேன் குடித்த மாதிரி இருந்தது.

பிறகு அவன் கை கழுவிவந்து உட்கார்ந்தான். கத்தவில்லை.

"அப்ப அந்த வெள்ளை நத்தை?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"போத்தல்ல கொண்டாந்து கொடுத்தீங்களே. நான் எத்தன வாட்டி போயி தேடினேன்? ஒன்னு கெடைக்கல. தாய்லாந்து ஜாதி. அந்த வருசம் நீங்க தாய்லாந்துக்கு, ஹட்யாய் போனீங்க டீச்சர். எனக்கு மாம்பழ வத்தல் வாங்கிட்டு வந்தீங்க."

"அது நெசம் டாக்டர். அத நான் பாத்தேன். உயிரோட பாத்தேன்."

"இதையும் மண்ணுலேருந்து எடுத்து, 'புதுசா இருக்கே'ன்னு கையில கொடுத்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். கடைக்காரனிடம் காசைக் கொடுத்துவிட்டு, என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். நான் வண்டி ஓட்டவில்லை.


பிப்ரவரி 23, திங்கள்

பள்ளிக்கூடம். காலைச் சபையில் தலைமையாசிரியை என் பெயரைச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். எழுந்து நின்றேன். வேறு என்ன செய்ய?

மதியம் டா.சி. செய்தி: 'புதுக் கட்டுரை இல்லை. வெள்ளை நத்தைக் கட்டுரையையும் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். சந்தேகத்துக்குரிய பதிவு பட்டியலில் இருக்கக்கூடாது. மாதக் கடைசிவரை காத்திருக்கிறேன், அதற்குள் நம்பும்படி ஆதாரம் கிடைத்தால் சரி.'

ஹட்யாயில் நான் கடைத்தெருவைத் தாண்டவில்லை. கூடப் போனவர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். ஆனால் நத்தைக்கு யார் சாட்சி சொல்வது? பெயர் இல்லாமல் இருந்தாலும் அது பட்டியலில் இருந்தது. அதை வைத்துத்தானே இத்தனை நாள் ஆத்திரப்பட்டேன். இப்போது ஆத்திரப்படக்கூட அந்த வரி இருக்காது.

அவன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. குறையவில்லை. இப்போது அவனோடு சேர்த்து என் மேலும் அதே கோபம், அவ்வளவுதான்.

இவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "சாப்டியா?" என்றார்.


பிப்ரவரி 28, சனி

நேற்று இரவெல்லாம் நல்ல மழை. காலையில் விட்டது. செம்பனைத் தோப்பில் மோட்டார் சறுக்கி, கால்சட்டை முழுக்கச் சேறு.

மலையடியில் உட்கார்ந்திருக்கிறேன். நோட்டு முட்டியில். இந்த வாரம் தினமும் பள்ளி விட்டு வந்தேன், ஒன்றும் இல்லை. பாறை காய்ந்து கிடந்தது. இன்று நனைந்திருக்கிறது. கோயில் பக்கம் போகவில்லை, ராஜு அண்ணனைப் பார்க்க முகமில்லை.

என் நெஞ்சு உயரத்தில், பாறை வெடிப்பில், பாசிக்குப் பக்கத்தில். வெள்ளை. உயிரோடு. ஓட்டுக்குள்ளே உடம்பு தெரிகிறது. கொம்பை நீட்டி மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

தொடவில்லை. நான் எடுத்தால் செல்லாது. படம் எடுத்தாலும் செல்லாது, படத்தைத் தாய்லாந்திலும் எடுக்கலாம். அவர் வந்து, அவர் கண்ணால் பார்த்து, அவர் கையால் எடுக்கவேண்டும். என் பெயர் எங்கேயும் வரவேண்டாம். நன்றி என்றுகூட வேண்டாம்.

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. படித்துவிட்டார்.

வெயில் ஏறுகிறது. பாறை காயத் தொடங்கிவிட்டது. நத்தை வெடிப்புக்குள் திரும்புகிறது.

மறுபடி போன் போடுகிறேன்.